ஆதரவற்ற ஆதிலட்சுமி

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பாஞ்சாலை போனில் அழுதாள்.

"எங்கண்ணன் எப்ப அண்ணி போனாரு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

ஆதிலட்சுமி போனைக் காதிலிருந்து எடுத்து, யார் பேசுவது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கீழ்பென்னாத்தூர் நாத்தனார்தான்.

"எங்க போனாரு?"

"அதான் அண்ணி... போய்ட்டாரே..."

கூடத்தில் சர்வேயர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"லட்சுமி, ‘கடலில் கலப்பது’. மூணு எழுத்து."

"கழிவு," என்றாள், போனைக் கையால் மூடிக்கொண்டு.

"அட! நதின்னு பார்த்தேன், ஒரு கட்டம் ஜாஸ்தியா இருந்துச்சு."

போனில் அழுகை நின்றது. "யார் அண்ணி அது பேசறது?"

"உங்கண்ணன்தான்."

"உயிரோடயா கீறாரு?"

"காலையில ரெண்டு காபி குடிச்சாரு. மூணாவது கேட்டாரு, நான் தரல."

பாஞ்சாலை மூக்கை உறிஞ்சினாள். "அப்ப அந்த வீடியோவுல ஏன் அண்ணி நீங்க அப்படி அழுவறீங்க?"

*

போன ஞாயிற்றுக்கிழமையோடு அப்பாவும் பிள்ளையும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். சென்னையில் இருக்கும் ஒரே மகன் அன்பரசன், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தங்களோடு வந்துவிடச் சொல்லி மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். முப்பத்துநாலு வருஷம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து ஓய்வு பெற்ற மனிதர், போளூர் ரோட்டுக்குப் பக்கத்தில் தானே அளந்து கட்டிய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு சென்னையிலிருந்து போன் இல்லை.

பாஞ்சாலை அனுப்பிய வீடியோவை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். கண்ணாடியை முதலில் சர்வேயர் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அதே கண்ணாடியை ஆதிலட்சுமி வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

திரை முழுக்க அவள் முகம். வியர்வையில் பொட்டு கலைந்திருந்தது. காற்றில் தலைமுடி பறந்தது. பின்னால் மலை. சோகமாக ஒரு வயலின். மேலே மஞ்சள் எழுத்தில், ‘பெற்ற மகன் கைவிட்ட தாய்!’ ஒரு ஆண்குரல் தழுதழுத்தது. "கணவரை இழந்து, மகனும் கைவிட்டு, ஆதரவற்று, அண்ணாமலையே கதி என்று தெருவோரம் வாழும் இந்தத் தாய்க்கு இன்று ஒரு வேளை உணவு..."

ஒரு பொட்டலம் நீள்கிறது. அவள் இரண்டு கைகளாலும் வாங்குகிறாள். அதைக் கண்ணருகே கொண்டுபோகிறாள். அங்கே படம் மெதுவாகிறது. அவள் கண்ணைத் துடைப்பது போல, துடைத்துக்கொண்டே இருப்பது போல, மூன்று முறை திரும்பத் திரும்ப வருகிறது.

"நான் அழுவவே இல்லையே," என்றாள் ஆதிலட்சுமி.

வியாழக்கிழமை நடந்தது இவ்வளவுதான். சாயங்காலம் நாலரைக்கு எப்போதும் போல ஷேர் ஆட்டோ பிடித்துக் கிரிவலப் பாதைக்குப் போனார்கள். குபேர லிங்கத்தைத் தாண்டி ஒரு கல் பெஞ்சு. பக்கத்து மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு கொஞ்ச தூரம் நடந்து திரும்பி வந்து, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஆடுபுலி ஆடினார்கள். பழைய வரைபடத் துணியில் சர்வேயர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். பதினைந்து ஆடும் அவளுடையது, மூன்று புலியும் அவருடையது.

வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. ஒருத்தர் இறங்கி எலுமிச்சை சாதப் பொட்டலம் நீட்டினார். கிரிவலப் பாதையில் கொடுக்கிற அன்னத்தை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. காரில் வந்தவர்களும் வாங்குவார்கள், நடந்து வந்தவர்களும் வாங்குவார்கள். அவளும் எழுந்து வாங்கி, பிரசாதம் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் போனோடு ஒருத்தன் நின்றான். இந்த ஊரில் போனைத் தூக்குகிறவன் மலையைத்தான் எடுப்பான் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இருவரும் அதைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். உப்பு கம்மி என்று சர்வேயர் சொன்னார்.

இப்போது அவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதோ பாரு. இந்த ஓரத்துல வேட்டி மாதிரி தெரியுது பாரு, அது என் பேன்ட்டு. இது என் முழங்கால். உன் இடது தோள்லருந்து ஒரு அடி விட்டு நேரா வெட்டியிருக்கான்."

"உங்களை எதுக்கு வெட்டணும்?"

"இஸ்திரி போட்ட சட்டை. கையில வாட்ச்சு. என்னையும் சேர்த்தா உன்னை ஆதரவற்றவள்னு எப்படிச் சொல்றது?" சிரித்தார். "வாட்ச்சுதான்டி என்னைக் கொன்னுடுச்சு."

அவளும் சிரித்தாள். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அவர் வாட்ச்சைக் கழற்றி டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். குறுக்கெழுத்து பாதியில் கிடந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரை வந்தது வெறும் எரிச்சல். தன்னைப் பிச்சைக்காரி என்று நினைத்ததைக்கூட அவளால் விட்டுவிட முடியும் போலிருந்தது. ஒரு அடி தள்ளி உட்கார்ந்து, அடுத்து எந்த ஆட்டைத் தின்னலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த மனிதரை, சோகம் போதாது என்று எடுத்து எறிந்திருக்கிறார்களே! முப்பது வருஷம் அவர் ஒரு தாலுகாவிலும், நர்ஸ் வேலையில் அவள் ஒரு பஞ்சாயத்திலுமாக அலைந்தார்கள். சேர்ந்து செய்த காரியம் ரொம்பக் கம்மி. இந்த ஒரு மணி நேர ஆட்டம், எல்லாம் முடிந்த பிறகு கிடைத்தது. அவள் வாழ்க்கையில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரே மணி நேரம் அது. அதை எடுத்துத்தான் ஆதரவற்ற நேரம் என்று போட்டிருக்கிறார்கள்.

பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

*

அன்பரசன் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டான். காரை நிறுத்திய சத்தத்திலேயே அவன் மனநிலை தெரிந்தது.

"எட்டு லட்சம் பேரு பார்த்திருக்காங்கம்மா! எங்க ஆபீஸ் குரூப்புல வந்திருக்கு. ‘இது உங்கம்மா மாதிரி இருக்காங்களே’ன்னு என் மேனேஜர் கேக்கறாரு. கீழ கமென்ட்ல என்னை என்னென்ன சொல்லித் திட்றாங்க தெரியுமா? உன் மருமக அருணா காலையிலருந்து அழுதுட்டு இருக்கா."

"சாப்பிடறியா?" என்றாள் ஆதிலட்சுமி.

"நான் கைவிட்ட பிள்ளையாம்மா?"

அவள் இலை போட்டாள். பொங்கலுக்கு வந்தவன். இப்போது ஆவணி. வியாழக்கிழமை யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மகனை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தால், அவளும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பாள். அந்த வீடியோவின் பொய்களுக்கு நடுவே இப்படி ஒரு நிழல் விழுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவாள். ஆனால் மனசுக்குள் தானாக வந்து நிற்பதோடு எப்படிச் சண்டை போடுவது?

"யாரு உங்களை அங்க போய் ரோட்டுல உட்காரச் சொன்னது?" அன்பரசன் அப்பாவைப் பார்க்காமலே கேட்டான். "வீட்டுல டி.வி. இருக்கு. ஃபேன் இருக்கு. துணியை விரிச்சிக்கிட்டு புளியங்கொட்டையை வெச்சிக்கிட்டு வயசானவங்க ரோட்டோரமா உட்கார்ந்தா பாக்கறவங்க வேற என்னா நெனப்பாங்க?"

"வெளையாடறாங்கன்னு நெனப்பாங்க," என்றார் சர்வேயர்.

ஒரு வாரத்துக்குப் பிறகு மகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"யாருப்பா அப்படி நெனச்சாங்க? எட்டு லட்சம் பேருல ஒருத்தன் நெனச்சானா?"

"எட்டு லட்சம் பேருக்குத்தான் என்னையே தெரியலையேடா."

"இனிமே அந்தப் பக்கமே போவ வேணாம். நான் இதை முடிச்சிட்டு வரேன்." அன்பரசன் குழம்பு ஊற்றிய சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, வீடியோவில் இருந்த நம்பருக்குப் போன் போட்டபடி வாசலுக்குப் போனான்.

முதலில் அவன் கத்துவது உள்ளே கேட்டது. போலீஸ், வக்கீல், கேஸ். பிறகு சத்தம் குறைந்தது. பிறகு "ம்... ம்..." என்று மட்டும் கேட்டது. கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்து ஆதிலட்சுமிக்குப் பயமாக இருந்தது.

"வளவன்னு ஒருத்தர். அன்னதான டிரஸ்ட் நடத்தறாராம். ரொம்ப மரியாதையாதான் பேசறாரு. வீடியோவை எடுத்தாலும் பிரயோஜனம் இல்லையாம், ஏற்கெனவே ஊர் பூரா பரவிடுச்சாம். அதுக்குப் பதிலா இன்னொரு வீடியோ போட்டுடலாம்னு சொல்றாரு."

"என்னான்னு?"

"நம்ம வீடியோவைப் பார்த்துட்டு மகன் தேடி வந்துட்டாருன்னு. நான் வந்து உன் கையைப் பிடிச்சிக்கற மாதிரி. ஒரு நிமிஷம்தாம்மா. நாலரை மணிக்கு அதே பெஞ்சுகிட்ட. என் பேரு சுத்தமாயிடும்."

ஆதிலட்சுமி கேட்டாள், "உங்கப்பா எங்க நிப்பாரு?"

அன்பரசன் தரையைப் பார்த்தான்.

"அது... அப்பா இல்லன்னு ஏற்கெனவே சொல்லிட்டாங்க. இப்ப திடீர்னு அப்பா வந்தா முதல் வீடியோவே பொய்னு ஆயிடும். டிரஸ்டுக்குக் கெட்ட பேரு. அதனால அப்பா இதுல... வேணாம்."



சர்வேயர் சாப்பிட்டு முடித்திருந்தார். இலையை மடித்தார். எழுந்து கை கழுவிவிட்டு வந்து, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நல்லதுதான். போய்ட்டு வாங்க," என்றார். "செத்தவனுக்கு அங்க என்னா வேலை?"

"அப்பா, நான் அந்த அர்த்தத்துல சொல்லலை."

"நான் அந்த அர்த்தத்துலதான்டா சொல்றேன்."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மத்தியானத்தில் ரேடியோ போடாமல் அவர் படுத்தது இல்லை.

*

"கெளம்பு. நான் வரேன்," என்று நாலு மணிக்கு ஆதிலட்சுமி சொன்னபோது, அம்மா ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று அன்பரசன் நினைத்தான். அவளுக்கே தெரியாது. காரில் போகும்போது அவன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நரை விழுந்திருந்தது. இந்தப் பிள்ளையைத்தான் எட்டு லட்சம் பேர் திட்டுகிறார்கள். தான் ஒரு நிமிஷம் நின்றால் அந்தத் திட்டு நின்றுவிடும். பிள்ளைக்காக அவள் என்னென்னவோ செய்திருக்கிறாள், யார் யாரிடமோ பொய்கூடச் சொல்லியிருக்கிறாள். இதுவும் ஒரு பொய். அவ்வளவுதானே?

கண்ணை மூடினால் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தவர் வந்தார்.

அன்பரசன் காரை நிறுத்த இடம் தேடிப் போனான். பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம், சிமென்ட் சாக்கை விரித்துக்கொண்டு எப்போதும் உட்கார்ந்திருக்கும் மணியம்மாள் இன்றும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்தப் பாதைதான் வீடு. ஆட்டம் முடிந்து போகும்போது ஆதிலட்சுமி அவளிடம் இரண்டு வார்த்தை பேசுவது உண்டு.

"வாம்மா சினிமா ஸ்டாரு!" என்றாள் மணியம்மாள். "உன்னைய போன்ல காட்டுனாங்க. அழகா அழுதுகீற."

"நான் அழுவலை மணியம்மா."

"தெரியும். நான் இங்கதானே குந்தினு இருந்தேன். என்னைய பத்து தடவ எடுத்திருக்கான், நானும் ஒரு தடவகூட அழுததில்ல."

"உனக்குக் கோவம் வரல?"

"வரும். சோறும் வருதே." மணியம்மாள் காலை நீட்டிக்கொண்டாள். "உனக்குச் சோறு வீட்டுல கீது. அதான் உன் கோவம் இம்மா நேரம் நிக்குது. என் கோவம் சாப்பிடற நேரத்துக்குப் போயிடும்."

ஆதிலட்சுமிக்கு எங்கேயோ சுருக்கென்றது. எங்கே என்று தேடினாள். கிடைத்தது.

பச்சையம்மாள். பன்னிரண்டு வருஷம் முன்பு, கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எட்டு மாத கர்ப்பம். சத்துமாவுப் பையைக் கையில் கொடுத்து, தூக்கிப் பிடிக்கச் சொல்லி, நர்ஸ் ஆதிலட்சுமி போட்டோ எடுத்தாள். "பையை மட்டும் எடுத்துக்கங்க சிஸ்டர், மூஞ்சி வேணாம்," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாங்கறதுக்குக் கை நீளுது, போட்டோவுக்கு மட்டும் வெக்கமா?" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டது இதே வாய்தான். பச்சையம்மாள் முகத்தைக் கேமரா பக்கம் திருப்பினாள். படம் நன்றாக வந்தது. வேலை முடிந்த திருப்தியோடு இவள் அடுத்த ஊருக்குப் பஸ் பிடித்தாள்.

காலையிலிருந்து அவள் அடுக்கி வைத்திருந்த கோபம் ஒரு நிமிஷம் ஆடியது. ஆனால் விழவில்லை. தான் செய்தது தப்பு என்றால் இந்த வளவன் செய்ததும் தப்புதான். அன்றைக்குப் பச்சையம்மாள் சொன்னதைத் தான் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது தன் பாவம். அதற்காக இவனை விட்டுவிட முடியுமா?

வெள்ளை வேன் வந்தது. வளவனுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். நெற்றி நிறைய விபூதி. இறங்கியதும் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க ஒருத்தரால எத்தனை பெரியவங்களுக்குச் சாப்பாடு கெடைக்குது தெரியுமா? புண்ணியம்மா."

"என்னைக் கேட்டியா தம்பி?"

"நீங்க வேணாம்னு சொல்லலையேம்மா. ரெண்டு கையால வாங்குனீங்களே."

"அன்னத்தை யாரு ஒத்தக் கையால வாங்குவா?"

அவனுக்கு அது புரியவில்லை. புரியாமலே பணிவாகச் சிரித்தான். அவனைப் பார்த்தால் கெட்டவன் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

கூட வந்தவன் ஸ்டாண்டில் போனைப் பொருத்தினான். "அம்மா பெஞ்சுல உட்காருங்க. சார் அந்த மரத்துகிட்டருந்து ஓடி வரட்டும்."

"ஓடி வரணுமா?" என்றான் அன்பரசன்.

"லேசா சார். வேகமா நடந்தாக்கூட போதும்."

அன்பரசன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனான். நடந்து போகிறவர்கள் ஒவ்வொருத்தராக நிற்க ஆரம்பித்தார்கள். முப்பத்தெட்டு வயசு ஆள், தொப்பை குலுங்க, அம்மாவை நோக்கிப் பன்னிரண்டு அடி ஓடி வந்தான். மூச்சிரைக்க அவள் முன்னால் மண்டியிட்டு, அவள் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான்.

கை சூடாக இருந்தது. ஏழு மாதம் கழித்து அவன் தொடுகிறான். அவள் விரல்கள் தானாக அவன் கையை இறுக்கின. அதுவும் உண்மைதான்.

"சூப்பர்ம்மா," என்றான் வளவன் மெதுவாக. "அப்படியே கண்ணைத் தொடைச்சிக்கங்க. போன தடவை மாதிரி."

இறுக்கிய விரல்களைத் தளர்த்தினாள்.

"போன தடவை நான் கண்ணைத் தொடைக்கல. சோத்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்."

"ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா தெரியுது."

"உனக்கு." அவள் மகனைப் பார்த்தாள். "அன்பு, கையை விடு."

"அம்மா, ரெக்கார்டு ஆவுது."

"ஆவட்டும். விடு."

விட்டான். விட்ட கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே மண்டியிட்டிருந்தான்.

"நீ என்னைக் கைவிட்டேன்னு நான் யார்கிட்டயும் சொல்லலைடா. சொல்லவும் மாட்டேன். ஆனா உங்கப்பாவைச் சாகடிச்சிட்டு நீ என் கையைப் பிடிக்க வேணாம்."

அன்பரசனின் முகம் சிவந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். எழுந்து, முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல், கார் நின்ற பக்கம் விறுவிறுவென்று நடந்தான்.

"கட் பண்ணு, கட் பண்ணு," என்றான் வளவன்.

"நிறுத்தாத!" எதிர்ப்பக்கத்திலிருந்து மணியம்மாளின் குரல் வந்தது. "அந்தம்மாவைப் பேச உடு. எனக்குத்தான் பத்து தடவையும் வாயே குடுக்கல."

ஸ்டாண்டில் இருந்த போன் அணைந்தது. ஆனால் அதற்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண் தன் போனைத் தூக்கினாள். பக்கத்தில் ஒருவர் தூக்கினார். பிறகு நாலு பேர், ஐந்து பேர். இத்தனை பேரில் வளவன் எங்கே என்று வெட்டுவான்?

ஆதிலட்சுமி எழுந்து நின்றாள்.

"என் பேரு ஆதிலட்சுமி. கிராம சுகாதார நர்ஸா இருந்தேன். எனக்கு வீடு இருக்கு. நான் இங்க சோத்துக்கு வரல. சோத்துக்கு வர்றது ஒண்ணும் கேவலமும் இல்ல, ஆனா நான் அதுக்கு வரல. நானும் என் வீட்டுக்காரரும் தினம் இங்க ஆடுபுலி வெளையாட வரோம். நாளைக்கும் வருவோம். அவரு செத்துட்டாருன்னு இவங்க போட்டது பொய். அவரு உயிரோட இருக்காரு. மத்தியானம் காரக்குழம்பு ஊத்திச் சாப்பிட்டாரு."

யாரோ சிரித்தார்கள். போனைத் தூக்கிய பெண் கேட்டாள், "ஐயா பேரு என்னாங்கம்மா?"

ஆதிலட்சுமி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம். எத்தனையோ விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறாள். பேங்க்கில் கேட்டால் பாஸ்புக்கைக் காட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் அவரையே சொல்ல வைப்பாள். கிராமத்துப் பெண்களிடம், "புருஷன் பேரைச் சொன்னா அவரு ஆயுசு ஒண்ணும் கொறஞ்சிடாதும்மா, சீக்கிரம் சொல்லு, ரெஜிஸ்டர்ல எழுதணும்," என்று ஆயிரம் தடவை அதட்டியிருப்பாள். ஆனால் அவள் வாயால் ஒருமுறைகூட அந்தப் பேர் வந்ததில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அவரைக் காக்கிறது என்று, படித்த மனசுக்கு அடியில் எங்கேயோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள் போலிருக்கிறது.

"சர்வேயர்னு சொன்னா..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். சர்வேயர் எத்தனையோ பேர்.

பின்னால் அன்பரசனின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் திரும்பியது என்று அவள் பார்க்கவில்லை.

"ராமகிருஷ்ணன்," என்றாள்.

காற்றில் அது கேட்டிருக்காது என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கும் கேட்கும்படி, மறுபடியும் சொன்னாள்.

"ராமகிருஷ்ணன்!"